கடலில் நடந்த பஸ்ரியாம்பிள்ளை

பஸ்ரியாம்பிள்ளையின் இடது கையில் ஒரு மணிக்கூடு, வலது கையில் ஒரு மணிக்கூடு. இரண்டும் நேரத்தில் ஒத்துப்போயின. நடந்த தூரத்தைக் காட்டுவதில்தான் ஒத்துப்போகவில்லை.

ஊர்காவற்றுறைக் கோயில் வாசலில் புறப்பட்டு, கடற்கரை வீதியால் சுற்றி, அதே வாசலுக்கு வந்து நின்றிருந்தார். நடந்தது ஒரே ஆள்; நடந்தவை ஒரே சோடிக் கால்கள். ஆனால் இடது கை நடந்த தூரம், வலது கை நடந்த தூரத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, குசினி வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இஞ்சை பாரும். இதுகளிலை ஒண்டு பொய் சொல்லுது."

மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி மேரிஜோசப்பின் நிமிர்ந்து பார்த்தாள்.

"பொலிஸ் விலங்கு போட்ட மாதிரி ஏன் நீட்டிக்கொண்டு நிக்கிறியள்? மிரோஜன் வந்திருக்கிறான். அவனைக் கேளுங்கோ."

மிரோஜன் அவளுடைய தங்கையின் மகன். யாழ்ப்பாணத்தில் போன் கடை வைத்திருக்கிறான். இரண்டு மணிக்கூடுகளையும், "கட்டிப் பாருங்கோ பெரியப்பா, பிடிச்சால் எடுங்கோ" என்று தந்துவிட்டுப் போனவன் அவன்தான். இப்போது கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் பொய் சொல்லேல்லை பெரியப்பா," என்றான். சிந்திய தேத்தண்ணியில் விரலைத் தொட்டு, மேசையில் பாம்புபோல ஒரு கோடு இழுத்தான். "இதுதான் நீங்கள் நடந்த றோட்டு. இடது கையிலை இருக்கிறது ஒவ்வொரு விநாடியும் கண் திறந்து, எங்க நிக்கிறம் எண்டு பாக்கும். அதாலை வளைவெல்லாம் அதுக்குத் தெரியும். வலது கையிலை இருக்கிறது சார்ச்சை மிச்சம் பிடிக்க நித்திரை கொள்ளும். இடைக்கிடை எழும்பிப் பாக்கும். பாத்த இடத்தையும் முந்திப் பாத்த இடத்தையும் நேர்க்கோட்டாலை இணைச்சுப்போடும்." பாம்புக்குக் குறுக்கே ஒரு நேர்க்கோடு விழுந்தது. "வளைவெல்லாத்தையும் விழுங்கிப்போட்டுது. அதுதான் தூரம் குறையுது."

"அப்ப இடது கை நல்லது."

"நல்லது. ஆனா ஒவ்வொரு விநாடியும் கண் முழிக்கிறவனுக்குக் களைப்பு வரும்தானே? நீங்கள் மடுமாதா கோயிலுக்கு நடந்து போய்ச் சேர முன்னம் அது செத்துப்போம்."

மேரிஜோசப்பின் கத்தியைக் கழுவியபடி சொன்னாள்: "வழி காட்ட அரியண்ணையைக் கூப்பிட்டால் சார்ச்சும் தேவையில்லை, ஒண்டும் தேவையில்லை. ஒரு பிளேன்ரீ காணும்."

பஸ்ரியாம்பிள்ளை அதைக் காதில் விழுத்தாதவர்போல வலது கை மணிக்கூட்டைக் கழற்றினார்.

மணிக்கூடு தேவைப்பட்ட கதை வெட்கக்கேடானது. நாற்பது வருடம் கடலில் ஒரு நாளும் வழி மாறாத மனிதர், போன ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கு நடக்கும்போது தரையில் வழி மாறிப்போனார். பூநகரியைத் தாண்டி, கூட்டத்தைவிட்டு முன்னால் போய், ஒரு சந்தியில் நின்று யோசித்தார். யோசித்தது அவர், திரும்பியது மூக்கு. மூக்கு பழக்கதோஷத்தில் கடல் மணந்த பக்கம் திரும்பியது. மாதாவிடம் போக வேண்டியவர் நாச்சிக்குடாக் கரையில் போய் நின்றார். அங்கிருந்த கடற்தொழிலாளர்கள், பாவம், நல்ல சனம். மரக்கறி மட்டும் சாப்பிட்டு நேர்த்திக்கடனுக்கு நடந்துகொண்டிருந்தவருக்கு நண்டுக்கறி ஊற்றிச் சோறு கொடுத்தார்கள். அவரும், பாவம், சாப்பிட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நடைக்குழுவை நடத்தும் மேரிறோஸ் திட்டமாகச் சொல்லிவிட்டாள்: "பஸ்ரி அண்ணை, அடுத்த முறை வழி காட்டுற சாமான் ஒண்டும் இல்லாமல் வந்தியள் எண்டால், உங்களைக் கயித்திலை கட்டித்தான் கூட்டிக்கொண்டு போவன்."

முந்தியெல்லாம் அவருக்கு வழி தேவைப்பட்டதே இல்லை. ஒரே வள்ளத்தில் தொழில் செய்த சிநேகிதன் அரியநாயகம் முன்னால் நடப்பான். இவர் அவனுடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பார். அந்த நேர்த்தியே இரண்டு பேரும் சேர்ந்து வைத்ததுதான். ஒரு மாரிகாலத்தில் வள்ளம் கவிழ்ந்து, விடிய விடிய அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, காலிருக்கும் மட்டும் ஒவ்வொரு வருடமும் நடந்து வருவோம் என்று மடுமாதாவுக்குச் சத்தியம் பண்ணினார்கள்.

பிறகு பார் வந்தது.

பார் என்பது கடலடியில் கிடக்கும் கல்மேடு. கல்லிருந்தால் பாசி, பாசி இருந்தால் சின்ன மீன், சின்ன மீன் இருந்தால் பெரிய மீன். அரியநாயகம் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், பஸ்ரியாம்பிள்ளை தனியே போய் அந்தப் பாரைக் கண்டுபிடித்தார். வலை தூக்க முடியாமல் தூக்கினார். அந்த இடத்தைக் கருவி எதிலும் குறிக்கவில்லை. கருவியை யாரும் இரவல் கேட்கலாம். பழைய முறைப்படி, கோயில் கோபுரம் ஒரு பனைக்கு நேரே வரும் கோடு ஒன்று, வெளிச்சவீடு ஒரு தீவின் முனைக்கு நேரே வரும் கோடு ஒன்று, இரண்டும் வெட்டும் இடம் என்று தலைக்குள் குறித்துவைத்தார். சிநேகிதனுக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்கு மீன் இன்னும் கூடுதலாகப் பட்டது. பிறகு தனக்கென்று ஒரு படகு எடுத்துத் தனியே போகத் தொடங்கினார். ஆள் வைத்தால் அந்த ஆளோடு ஒரு வாயும் வரும்.

இறங்குதுறையில் அரியநாயகம் ஒரே ஒரு தரம் கேட்டான். "எங்கயடா மச்சான் இப்பிடிப் படுது?"

"எல்லாம் அந்தோனியார் தாறது."

"ம்," என்றான் அரியநாயகம்.

அந்த வருடம் பஸ்ரியாம்பிள்ளை நடைக்கு ஒரு நாள் முந்தியே புறப்பட்டார். வலைக்குள் மீனை மறைக்கலாம், வாய்க்குள் பொய்யை மறைக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் ஒருவனோடு நடந்துகொண்டு எதையும் மறைக்க முடியாது. அதிலிருந்து அவன் தனி, இவர் தனி; மடுவுக்கும் இவர் நடைக்குழுவின் பின்னால்தான் போனார். எதிரே கண்டால் "ம்." அவ்வளவுதான்.

மிரோஜன் பையிலிருந்து மூன்றாவது மணிக்கூட்டை எடுத்தான். கறுப்பு, கொழுத்தது.

"இது விநாடிக்கு விநாடி பாக்கும். சார்ச்சும் கன நாள் நிக்கும், வெயில் பட்டால் கொஞ்சம் ஏறவும் ஏறும். கண்ணாடியைத் தடவத் தேவையில்லை, பொத்தான்தான். வேர்த்த கையாலையும் அமத்தலாம். வழி மாறினால் அம்புக்குறி போடும்."

"எப்பிடியடா இதுக்கு வழி தெரியுது?"

மிரோஜனுக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியைக் கடைக்கு வரும் ஒருவரும் கேட்பதில்லை.

"நீங்கள் கடலிலை நிக்கேக்கை கோயில் மணி கேக்கும்தானே? ஆறு மணிக்கு அடிச்ச மணி உங்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் கேக்கும். எவ்வளவு பிந்திக் கேக்குதோ அவ்வளவு தூரத்திலை நிக்கிறியள். அதே மாதிரி மேலை வானத்திலை செய்மதியள் எல்லாம் விடாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டு சுத்துது. ஒவ்வொண்டும் எவ்வளவு பிந்திக் கேக்குது எண்டு இது கணக்குப் பாக்கும். நாலு செய்மதி கேட்டால் காணும், நீங்கள் நிக்கிற இடம் வந்திடும். மணிக்கூடு எண்ட பேர் சரிதான் பெரியப்பா. இது தூரத்தை நேரத்தாலைதான் அளக்குது."

"அப்ப நான் எங்க நிக்கிறன் எண்டு செய்மதிக்குத் தெரியும்?"

"தெரியாது. அதுகள் சொல்லும், கேக்காது. நீங்கள் எங்க எண்டு உங்கட கைக்கு மட்டும்தான் தெரியும். மற்றாக்களுக்குத் தெரியிறதெண்டால் இது போனுக்குச் சொல்லோணும், போன் எங்களுக்குச் சொல்லோணும். கவரேஜ் இல்லாட்டி, கடைசியாச் சொன்ன இடத்தையே காட்டிக்கொண்டு நிக்கும்." அவன் பஸ்ரியாம்பிள்ளையின் போனை எடுத்து எதையெல்லாமோ அமத்தினான். "இப்ப சரி. நீங்கள் நடக்கத் தொடங்கினால் குழுவிலை எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்!" என்றாள் மேரிஜோசப்பின், முதல் தடவையாகச் சந்தோஷத்தோடு. "எனக்கும் தெரியும். இதையே எடுங்கோ."

அன்று பின்னேரம் பரீட்சை நடை. மேல் பொத்தானை அமத்தித் தொடங்கினார். குழுவில் உடனே கைதட்டுகள் வந்தன. திரும்பி வந்து அதே பொத்தானை அமத்தினார். மணிக்கூடு ஒருமுறை நடுங்கி, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. கேட்டதற்கு மரியாதையாக, "ஓம்," என்று வாயால் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நடையை முடிக்கவா என்று அது கேட்டிருந்தது. வாயால் சொன்ன பதில் அதற்கு விளங்கவில்லை. நடை தொடர்ந்தது.

விடியற்புறம் வழக்கம்போலக் கடலுக்கு வெளிக்கிட்டார். மணிக்கூடு கையில் பொருத்தமாக இருந்தது, கழற்ற நினைவில்லை. போன் வழக்கம்போலப் பிளாஸ்ரிக் பைக்குள், படகின் முன்பக்கம் அணியத்துக்கு அருகே. அனலைதீவுப் பக்கம் வந்தபோது பை பாடியது.

மேரிறோஸ்.

"பஸ்ரி அண்ணை, எங்க நடக்கிறியள்?"

"நடக்கிறனோ? தொழிலுக்கு வந்தனான்."

"மணிக்கூடு நடை எண்டெல்லோ காட்டுது! கடலுக்கு மேலாலை நல்ல வேகத்திலை போறியள். எங்கட ஆண்டவருக்குப் பிறகு கடலிலை நடந்தது நீங்கள்தான். அவற்ற சீடர் இராயப்பரே ரெண்டு அடி வைச்சுப்போட்டு அமிழ்ந்து போனவர்." பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கும் சத்தம். "குழுவிலை எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிறம்."

பஸ்ரியாம்பிள்ளை மெசினைத் தணித்து யோசித்தார். குழுவில் பாதிப்பேர் கடற்தொழிலாளர் வீட்டுச் சனம். அவர்களின் போனில் விழும் இந்தக் கோடு இப்படியே மேற்கே நீண்டால் அதன் முனையில் பார். இத்தனை வருடம் தலைக்குள் வைத்திருந்ததை, ஒரு மணிக்கூடு காலைத் தேத்தண்ணி நேரத்தில் ஊருக்கே படம் போட்டுக் காட்டப்போகிறது.

முதல் யோசனை: ஏமாற்றுவது. படகைத் திருப்பி, அனலைதீவுக்கு முன்னால் வட்டம் அடித்தார். பிறகு எட்டுப்போல அடித்தார். பார்ப்பவர்கள் குழம்பட்டும்.

குழம்பினார்கள். பை மறுபடியும் பாடியது.

"இஞ்சாருங்கோ," என்றாள் மேரிஜோசப்பின். "ஏன் சுத்துறியள்? மெசின் பழுதோ? சுக்கான் உடைஞ்சு போச்சோ?"

"ஒண்டுமில்லை. சும்மா சுத்துறன்."

"சும்மா ஆராவது கடலிலை சுத்துவினமோ? தலை சுத்துதோ உங்களுக்கு? இஞ்சை செபமாலை தொடங்கீற்றினம்!"

"செபமாலையை நிப்பாட்டச் சொல்லும்! நான் நல்லா இருக்கிறன்."

"நல்லா இருக்கிறவர் ஏன் செபமாலையை நிப்பாட்டச் சொல்லுறார்?" என்று பின்னால் மேரிறோஸ் கேட்பது கேட்டது.

இரண்டாவது யோசனை: நிறுத்துவது. பொத்தானை நெடுக அமத்திப் பிடித்தால் மணிக்கூடு அணையும் என்று மிரோஜன் சொன்னது நினைவில் இருந்தது. எந்தப் பொத்தான் என்பது நினைவில் இல்லை. மேல் பொத்தானைப் பிடித்தார். மணிக்கூடு நடுங்கியது. அணையப்போகிறது என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார். அது கீச்சிட்டது. சாகிறபோது கத்துகிறது என்று இன்னும் இறுக்கினார். கடைசியில் சிவப்பாக ஒரு வெளிச்சம் அடித்து, அமைதியானது.

நெடுக அமத்தினால் அணைவது கீழ்ப் பொத்தான். மேல் பொத்தானை நெடுக அமத்தினால், 'நான் ஆபத்தில் இருக்கிறேன், இந்த இடத்துக்கு வாருங்கள்' என்று எல்லோருக்கும் செய்தி போகும். போய்விட்டது.

அவருக்கு அது தெரியாது. மேற்கே ஓடினார். போனில் கவரேஜ் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிக் கோடும் போனபோது, "அப்பாடா," என்றார். கோபுரம் பனைக்கு நேரே வந்தது. வெளிச்சவீடு தீவின் முனைக்கு நேரே வந்தது. மெசினைத் தணித்து, வலையை இறக்கினார். வெள்ளை மிதப்புகள் வரிசையாகத் தண்ணீரில் மிதந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு மையால் 'பஸ்ரி' என்று எழுதியிருந்தது.

வலை தண்ணீரில் ஊறி மீன் படும்மட்டும் சாய்ந்து கிடந்தவருக்குச் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தார். ஒரு படகு. தேடிக்கொண்டு வருகிற படகு அங்கும் இங்கும் திரும்பும். இது திரும்பவில்லை. நூல் பிடித்ததுபோல நேராக அவரை நோக்கி வந்தது.

தப்பி ஓடுவோம் என்று மெசினை இழுத்து உயிர்ப்பித்தார். வலை கிடக்கிறதே என்று நினைத்து நிறுத்தினார். மறுபடி உயிர்ப்பித்தார். படகு கிட்ட வந்ததும் மறுபடி நிறுத்தினார்.

முன்னால் நின்றது அரியநாயகம். பின்னால் மெசினில் அவனோடு தொழில் செய்யும் றொஜன்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு இரண்டு படகும் ஒன்றோடொன்று உரசின.

"என்ன?" என்றான் அரியநாயகம்.

"மெசின்... நிண்டிட்டுது மச்சான்."

"ஓம். இப்பத்தான் நிண்டது. கேட்டது."

அரியநாயகம் தண்ணீரைப் பார்த்தான். மிதப்புகளைப் பார்த்தான்.

"ஆற்ற வலை?"

தன்னுடையது என்றால் இது வலை போடும் இடம் என்று ஆகிவிடும்.

"தெரியாது," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. அவருடைய பெயர் அவருக்கு முன்னால் வரிசையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. "ஆரோ விட்டிருக்கினம்."

"ம். வடிவான இடத்திலைதான் விட்டிருக்கினம்." அரியநாயகம் கயிற்றை எறிந்தான். "பிடி."

நல்ல மெசின் பூட்டிய படகில், ஓடாத மெசினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பஸ்ரியாம்பிள்ளை இழுபட்டுப் போனார். வலை பின்னால் கிடந்தது. அதற்குள் படப்போகும் மீனை நினைத்தார். பிறகு அதை நினைக்கவில்லை. முன்னால் போகும் படகில் அரியநாயகத்தின் முதுகு தெரிந்தது; இடது தோள் கொஞ்சம் இறங்கி, தலைமயிர் முழுக்க நரைத்து. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மடு வீதியில் அந்த முதுகுக்குப் பின்னால் நடந்தபோது கறுப்பாக இருந்தது.

இன்றைக்கு இவனுக்கும் தெரிந்துவிட்டது, ஊருக்கும் தெரிந்துவிட்டது என்று எண்ணினார். சொல்லாமல் காத்ததும் போய்விட்டது. சொல்லியிருந்தால் இருந்திருக்கக்கூடியதும் போய்விட்டது.

அனலைதீவு தெரிந்ததும் பைக்குள் போன் நடுங்கத் தொடங்கியது. செய்திகள் கொட்டின. 'அனலைதீவுக்கு முன்னால் நிக்கிறம், காணேல்லை.' 'சுத்தின இடத்திலையே தேடுறம், ஒண்டுமில்லை.' 'மணிக்கூடு இஞ்சைதான் காட்டுது, ஆளைக் காணேல்லை, மாதாவே!' உதவி கேட்ட செய்தி, அவர் வட்டம் அடித்த இடத்தைச் சொல்லியிருந்தது; நடைக்கோடும் அதோடு நின்றிருந்தது. ஊர்ப் படகுகள் எல்லாம் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்படியென்றால் பார் ஒருவருக்கும் தெரியாது! கை தட்டப் போனவர், பாதியில் நிறுத்தினார். மணிக்கூடு காட்டவில்லை என்றால் அரியநாயகம் எப்படி நேராக வந்தான்? அவனிடம் இருப்பது பொத்தான் போன். நடைக்குழுவிலும் அவன் இல்லை.

இறங்குதுறையில் சனம் நிறைந்திருந்தது. மேரிஜோசப்பின் அழுதுகொண்டே ஏசினாள், ஏசிக்கொண்டே அழுதாள். மேரிறோஸ், "நடக்கிறதெண்டால் தரையிலை நடவுங்கோ அண்ணை," என்றாள். போனில் மிரோஜன் கேட்டான்: "பெரியப்பா, மணிக்கூடு பிடிச்சிருக்கோ? இல்லாட்டி வேற ஒண்டு பாக்கட்டோ?"

பஸ்ரியாம்பிள்ளை வீதியைப் பார்த்தார். அரியநாயகம் படகைக் கட்டிவிட்டு, அதில் ஏறி நடந்துகொண்டிருந்தான். வெடித்த, வெள்ளை படிந்த அந்தக் குதிக்கால்கள் ஒன்று மாறி ஒன்று தெரிந்தன.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த றொஜனிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, நான் அங்கை நிக்கிறன் எண்டு உங்களுக்கு ஆர் காட்டினது?"

"ஆர் காட்டோணும் அண்ணை? அரியண்ணைக்கு அந்தப் பார் எப்பவோ தெரியும்; உங்களுக்கு ஆபத்தெண்டு கேட்டவுடனை நேரா அங்கை விடச் சொன்னவர். 'அது பஸ்ரி எனக்கு இன்னும் சொல்லாத இடம், அவன் வந்து சொல்லும் மட்டும் அங்கை வலை விடக்கூடாது' எண்டு, இவ்வளவு காலமும் எங்களை அதைச் சுத்தித்தானே கூட்டிக்கொண்டு போறவர்."